செவ்வாயின் கால்வாய்களும் படிப்பகத்து விவாதமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், பணியின் நிமித்தம் நாம் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அன்றிரவு தோட்டத்துப் பந்துத் திடலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஆலயத் திருவிழாவுக்கான ஏற்பாடோ என்று எண்ணி நெருங்கினோம். பெரியவரும் சிறியவரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர். "இன்றிரவு செவ்வாய்க் கிரகம் முழுநிலவின் அளவுக்குத் தெரியும். வானில் இரண்டு நிலவுகளைக் காணலாம். தவறவிட்டால் நம் ஆயுளில் மீண்டும் காண இயலாது" என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்ததாம். அதனைத் தோட்டமெங்கும் சொல்லி வைத்தவன் நான்காம் படிவத்தில் பயிலும் ஒரு மாணவன்.

நள்ளிரவு கடந்தும் இரண்டாவது நிலவு வரவில்லை. கூட்டம் கலைந்தபோது அம்மாணவனுக்குக் கிடைத்த வசைமொழிகள் கொஞ்சமல்ல. "படித்தவன் பேச்சைக் கேட்டு உறக்கம் கெட்டது. விடியற்காலைப் பெரட்டுக்கு நீயா போகப் போகிறாய்?" என்று ஒருவர் கேட்டதும், அவன் தலை குனிந்து வீட்டுக்குப் போனதும் நம் கண்ணெதிரே நிகழ்ந்தவை.

மறுநாள் மாலை படிப்பகத்தில் அதே பேச்சு. விண்கலம், நிலவுப் பயணம் எல்லாமே கட்டுக்கதை என்றார் ஒருவர். இல்லை, செவ்வாயில் மனித முகம் போன்ற சிலை இருப்பதை விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்று ஓர் இளைஞர் தம் கைத்தொலைபேசியில் படமே காட்டினார். ஆலயக் குழுவின் பொருளாளர் இரு சாராரையும் கையமர்த்தி, "தொலைநோக்கியும் இல்லை, பட்டமும் இல்லை. கிரகங்களைப் பற்றிப் பேச நாம் யார்?" என்றார். சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு தகப்பனார் மெல்லிய குரலில், "பேசாமல் இருக்க முடியவில்லையே ஐயா. செவ்வாயால்தான் என் மகளுக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப் போயின" என்றார். படிப்பகம் அமைதியாயிற்று.

அன்று அங்கே நாம் பேசியவற்றையும், அடுத்த மாதம் மீண்டும் சென்று செய்து பார்த்ததையும் வாசகர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறோம். பொருளாளர் ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் அந்த இரண்டாவது நிலவின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

நிலவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் சராசரித் தொலைவு 384,400 கிலோமீட்டர். செவ்வாயின் குறுக்களவு 6,779 கிலோமீட்டர், அதாவது நிலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. 2003 ஆகஸ்டு 27 ஆம் நாள் செவ்வாய் பூமியை மிகவும் நெருங்கி வந்தது. அன்றைய தொலைவு ஏறத்தாழ 5 கோடியே 58 இலட்சம் கிலோமீட்டர். பல ஆயிரம் ஆண்டுகளாக அவ்வளவு நெருக்கம் நேர்ந்ததில்லை. ஆயினும் அது நிலவின் தொலைவைப் போல் 145 மடங்கு. இரு மடங்கு பெரிய பொருளை 145 மடங்கு தொலைவில் வைத்தால், நிலவின் தோற்றத்தில் 74இல் ஒரு பங்காகத்தான் அது தெரியும். கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டது நாமல்ல. முதல் நாள் வசை வாங்கிய அம்மாணவனையே அழைத்துப் போடச் சொன்னோம்.

அப்படியானால் அச்செய்தி எங்கிருந்து வந்தது? 2003 இல் முதன்முதலில் பரவிய செய்தி பொய்யன்று. 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியின் வழியே பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்பதே அதன் சாரம். நம் கணக்கில் வந்த 74 உடன் அது பொருந்துவதைக் காண்க. கைமாறிக் கைமாறி வந்ததில் தொலைநோக்கியைப் பற்றிய பாதி வாக்கியம் உதிர்ந்தது, ஆண்டும் உதிர்ந்தது. எஞ்சிய பாதி ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் உலகெங்கும் வலம் வரலாயிற்று. பொய் சொல்ல எண்ணியவர் எவருமில்லை. ஒரு சொல் குறைந்தால் ஒரு கிரகமே 74 மடங்கு ஊதிவிடுகிறது.

இதே செவ்வாயின் பெயரால், ஒரு சொல்லின் பிழையிலிருந்து எழுந்த விவாதம் ஒன்று அறிஞர் உலகத்தை ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆட்டிவைத்தது.

ஓடையா, கால்வாயா?

1877 இல் இத்தாலி நாட்டு மிலான் நகரின் வான்நோக்கு நிலையத்தில் ஸ்கியாபரெல்லி என்னும் அறிஞர் செவ்வாயைக் கூர்ந்து நோக்கி வரைபடம் தீட்டினார். அதன் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் ஓடுவதாகக் கண்டு, அவற்றைத் தம் மொழியில் 'கனாலி' என்று குறித்தார். அச்சொல் இயற்கையான ஓடையையும் குறிக்கும், மனிதன் வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'கால்வாய்' என்ற பொருளே நிலைத்துவிட்டது. ஓடை என்றால் மழையே போதும். கால்வாய் என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டும் அல்லவா?

அந்த வெட்டியவனைத் தேடிப் புறப்பட்டவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செல்வர் பெர்சிவல் லோவெல். வான்நூலை அவர் தொழிலாகக் கற்றவரல்லர். வணிகக் குடும்பத்தில் பிறந்து, சொந்தப் பொருளைச் செலவிட்டு, 1894 இல் அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில் வான்நோக்கு நிலையம் ஒன்றை நிறுவினார். நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். கோடுகள் நேராக ஓடுகின்றன, பல ஓரிடத்தில் சந்திக்கின்றன. எனவே அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை, நீர் வற்றிவரும் கிரகத்தில் துருவப் பனி உருகும் நீரைப் பயிர் நிலங்களுக்குக் கொண்டு செல்பவை என்று அவர் முடிவு கட்டினார்.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. செம்பனைக் காட்டுக்குள் அம்பு விட்டாற்போல் ஓடும் வடிகாலைக் கண்டால், யாரோ வெட்டியது என்றுதானே நாமும் சொல்வோம்? லோவெலின் தருக்கத்தில் குறையில்லை. குறை அதற்கு முந்திய படியில் இருந்தது. கோடு உண்மையில் அங்கே இருக்கிறதா?

சிறுவர்கள் வரைந்த படம்

இக்கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தில் கிரீனிச் வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய வால்டர் மாண்டர். 1890 இல் பிரிட்டிஷ் வானியல் சங்கம் உருவாக முன்னின்றவர் அவர். வானில் ஆர்வமுள்ள எவரும் அச்சங்கத்தில் சேரலாம். அரச வானியல் கழகம் 1916 வரையில் பெண்களை உறுப்பினராக ஏற்றதில்லை. இச்சங்கமோ தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. பிற தொழில் செய்து பிழைத்துக்கொண்டு, இரவில் வானத்தைப் பார்த்தவர்கள் அதன் கூட்டங்களில் எழுந்து பேசினர்.

மாண்டர், ஈவான்ஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவுகளை 1903 இல் வெளியிட்டார். கிரீனிச்சில் இருந்த பள்ளியொன்றின் மாணவர்கள், 12 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்கள், சுமார் 200 பேர். செவ்வாயின் வட்டத்தைப் போன்ற படங்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. அவற்றுள் கால்வாய் என்று ஒன்றும் இராது. நிழல் திட்டுகளும், ஒழுங்கின்றிச் சிதறிய சிறு புள்ளிகளும் மட்டுமே இருக்கும். கண்டதைக் கண்டபடி வரைக என்பதே கட்டளை. அருகில் அமர்ந்தவர்கள் புள்ளிகளை வரைந்தனர். மிகத் தொலைவில் இருந்தவர்களுக்கு அவை புலப்படவில்லை. இடைத் தொலைவில் இருந்தவர்களுள் பலர் நேர்க்கோடுகளை வரைந்து கொடுத்தனர்! கண்ணுக்குத் தனித்தனியே எட்டாத புள்ளிகளை மனம் கோடாக இணைத்துக்கொள்கிறது என்று மாண்டர் விளக்கினார்.

லோவெல் இதை ஏற்கவில்லை. 'சின்னப் பையன் கொள்கை' என்று எள்ளினார். பிரான்சு நாட்டில் பிளமாரியோன் என்னும் அறிஞர் அங்குள்ள மாணவர்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது எவரும் கால்வாய் வரையவில்லை என்றும் எடுத்துக் காட்டினார். இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஒரு சோதனையோடு ஒரு விவாதம் முடிந்துவிடுவதில்லை.

அடுத்த மாதம் அதே தோட்டத்துக்குச் சென்றபோது, நாமும் ஓர் அட்டையை எடுத்துச் சென்றோம். வெள்ளை அட்டையில் ஒரு சாண் அகல வட்டம். உள்ளே கரித்தூளால் இலேசான திட்டுகள், மையால் சிறு புள்ளிகள், ஒரு கோடுகூடக் கிடையாது. மண்டபத்தின் முன்சுவரில் அதை மாட்டி, வந்தவர்களை முன்னும் நடுவிலும் கடைசியிலுமாக அமர்த்தி ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். முன்வரிசையினர் புள்ளிகளை வரைந்தனர். கடைசி வரிசையில் ஒரு மூதாட்டி வெறும் வட்டத்தை வரைந்து, "எனக்கு நிலாதான் தெரிகிறது தம்பி" என்றார். நடுவில் இருந்தோரில் நால்வர் கோடுகள் வரைந்திருந்தனர். பொருளாளர் ஐயாவின் தாளில் மூன்று கோடுகள் ஓரிடத்தில் சந்தித்தன. அவரை அட்டைக்கு அருகே அழைத்துக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார்.

அதைவிட வியப்பு நமக்கே நேர்ந்தது. அட்டையை வரைந்தவர் நாம். கோடு இல்லை என்பது நமக்குத் தெரியும். நடுவரிசையில் போய் நின்று பார்த்தால் ஒரு கோடு தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

விவாதத்தின் மறுபாதியை நடத்தியவர் அந்தோனியாதி. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பிறந்த கிரேக்கர். பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் செவ்வாய்ப் பிரிவுக்கு 1896 முதல் தலைமை ஏற்று, பல நாட்டு ஆர்வலர்கள் அனுப்பிய படங்களைத் தொகுத்து வந்தார். தொடக்கத்தில் அவர் படங்களிலும் கோடுகள் உண்டு. 1909 செப்டம்பரில், பாரிசுக்கு அருகே மியூடோனில் உள்ள 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் வழியே செவ்வாயைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. காற்று அசைவற்றிருந்த ஓர் இரவில் கோடுகள் கலைந்து, எண்ணற்ற ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரிந்தன. தாம் முன்பு வரைந்தது தவறு என்று அவர் வெளிப்படையாக எழுதினார். தம் பழைய படத்தைத் தாமே அடித்துத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது, பள்ளியில் ஒரு முறையேனும் பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

மலாக்கா கண்ட முதியவர்

லோவெலை எதிர்த்தவர்களுள் நம் நாட்டோடு தொடர்புடையவர் ஒருவர் உண்டு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 இல் மலாக்காவுக்கு வந்து, லேடாங் மலையில் ஏறிப் பூச்சிகளையும் பறவைகளையும் தேடியவர். சரவாக்கிலும் தங்கியவர். உயிரினங்கள் எவ்வாறு மாறித் தோன்றுகின்றன என்பதை டார்வினைப் போலவே தாமும் கண்டறிந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டவர், பட்டம் பெற்றவரல்லர்.

1907 இல், தம் 84 ஆம் வயதில், செவ்வாயில் உயிர் வாழ இயலுமா என்று வினவி அவர் ஒரு நூல் எழுதினார். தொலைநோக்கியில் பார்த்து எழுதியதன்று. லோவெல் சொல்லும் கோடுகள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம், அவை நீர்க் கால்வாய்களாக இருக்க முடியுமா என்று அவர் கேட்டார். சூரியனிடமிருந்து அவ்வளவு தொலைவில், அவ்வளவு மெல்லிய காற்றில், வெப்பம் உறைநிலைக்கு வெகு கீழே இருக்க வேண்டும். பாலைவனத்தின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திறந்த வாய்க்காலில் நீரை விட்டால் அது போய்ச் சேருமா? அப்படி வெட்டுபவர்களை அறிவாளிகள் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். வயலுக்கு நீர் பாய்ச்சிப் பழகிய எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. இன்று நாம் அறிந்த அளவில், செவ்வாயின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 60 பாகை. காற்றின் அழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

1916 இல் மறையும் வரையில் லோவெல் தம் கொள்கையைக் கைவிடவில்லை.

விண்கலம் சொன்ன தீர்ப்பு

1965 ஜூலை மாதம் மாரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயிலிருந்து சுமார் 9,800 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்று, 21 முழுப் படங்களையும் இருபத்திரண்டாவது படத்தின் ஒரு பகுதியையும் எடுத்தது. ஒவ்வொரு படமும் 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, ஆக 40,000 புள்ளிகள். அவை எண்களாக பூமிக்கு வந்தன. ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ 8 மணி நேரம் பிடித்தது. கணினி படமாக்கித் தரும் வரை பொறுக்க மாட்டாத பொறியாளர்கள், எண்கள் அச்சான தாள் நாடாக்களைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கு ஏற்ற நிறத்தை வண்ணச் சுண்ணக்கட்டியால் தீட்டினார்களாம். விண்கலம் அனுப்பிய முதல் செவ்வாய்ப் படத்தை மனிதர்கள் கையாலேயே வரைந்து பார்த்தார்கள் என்பது நமக்குப் பிடித்த செய்தி.

படங்களில் கால்வாய் இல்லை. நிலவில் உள்ளவை போன்ற வட்டக் குழிகளே தெரிந்தன. விவாதம் முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், 1971 நவம்பரில் மாரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. மாபெரும் எரிமலைகளும், நீர் ஓடி வற்றிய பள்ளத்தாக்குகளும் அதன் படங்களில் வெளிப்பட்டன. முன்னொரு காலத்தில் செவ்வாயில் ஆறு ஓடியிருக்கிறது! ஸ்கியாபரெல்லி வரைந்த கோடுகள் அவையல்ல. அவர் இருந்த தொலைவிலிருந்து அவற்றைக் கண்டிருக்கவும் இயலாது. ஆயினும் கால்வாய் இல்லாத கிரகத்தில் ஓடை உண்டு என்றாயிற்று.

இளைஞர் காட்டிய முகத்திற்கும் இதே விடைதான். 1976 ஜூலை 25 ஆம் நாள் வைக்கிங் 1 எடுத்த படத்தில், சிடோனியா என்னும் பகுதியில் ஒரு குன்று முகம் போல் தெரிந்தது. விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை. நிழலால் முகம் போல் தோன்றும் பாறை என்று குறிப்பிட்டு அவர்களே வெளியிட்டனர். 1998 இலும் 2001 இலும் வேறொரு விண்கலம் கூர்மையான படங்களை எடுத்தபோது, சரிவுகள் தேய்ந்த ஒரு குன்று மட்டுமே தெரிந்தது. நிலவுப் பயணம் கட்டுக்கதை என்ற அன்பருக்கு ஒன்று சொன்னோம். 1969 இல் அப்பல்லோ 11 சென்றவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்புக் கண்ணாடிகளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நிலவின் தொலைவை வேறு பல நாட்டினரும் அளந்திருக்கிறார்கள். அவர் தலையசைத்தார். ஏற்றுக்கொண்டாரா என்று நமக்குத் தெரியாது.

2024 இல் பெர்சிவரன்ஸ் என்னும் ஊர்தி செவ்வாயில் ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. பழங்காலத்து நுண்ணுயிரால் உண்டாகியிருக்கக்கூடிய அடையாளங்கள் அதில் உள்ளன என்று 2025 செப்டம்பரில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 'இருக்கக்கூடிய' என்ற அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். உயிரில்லாமலும் அவை உண்டாகியிருக்கலாம் என்பதை அவர்களே சேர்த்து எழுதினர். நம் கைக்கு வரும்போது அச்சொல் உதிர்ந்திருக்கக் கூடும்.

தகப்பனாரின் கேள்வி

அவருக்கு நாம் என்ன சொன்னோம்? சமய நம்பிக்கையில் தலையிடுவது நம் பணியன்று. ஆனால் கணக்குப் பார்க்கலாம். பஞ்சாங்கம் செவ்வாய் எந்த இராசியில் நிற்கிறது என்று சொல்வது கண்டறிந்து கணித்த செய்தி. அது முன்செல்வதையும், வக்கிரமாகிப் பின்செல்வதையும் நம் முன்னோர் தொலைநோக்கி இல்லாமலேயே கணித்து வைத்திருந்தனர். அந்நிலை ஒரு பெண்ணின் இல்வாழ்வைக் கெடுக்கும் என்பது வேறு வகைச் செய்தி. முன்னது கண்டது, பின்னது கருதியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

அடுத்து, இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. மொத்த இடங்கள் 12. அவற்றுள் 5 இடங்கள் தோஷத்துக்குரியவை. விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டால், 60 மாணவர் பயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஏறத்தாழ 25 பேருக்குத் தோஷம் இருக்கும். இதையும் அம்மாணவனே கரும்பலகையில் போட்டான். தகப்பனார் அந்த 25 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் பாதிப் பேருக்கு அல்லவா இருக்கும்!" என்றார். வட்டம் வரைந்த மூதாட்டியும் அன்று அங்கே இருந்தார். "எனக்கும் செவ்வாய்தான். இவரோடு 43 ஆண்டு ஓட்டிவிட்டேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் கணவர் சிரித்தார். இது ஒருவர் சொன்ன செய்திதான், நிரூபணமன்று, அதையும் சொல்லிவிட்டோம். முடிவு செய்ய வேண்டியவர்கள் அவ்வீட்டார்.

தொலைநோக்கி இல்லாதவன் பேசலாமா?

பொருளாளர் ஐயாவின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கிளைட் டோம்பா என்றொரு விவசாயி மகன் இருந்தார். ஆலங்கட்டி மழை பயிரை அழித்ததால் அவர் கல்லூரிக்குப் போக இயலவில்லை. கிடைத்த பொருள்களைக் கொண்டு தாமே தொலைநோக்கி செய்தார். அதன் வழியே செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்த படங்களை, லோவெல் நிறுவிய அதே வான்நோக்கு நிலையத்துக்கு அனுப்பினார். கண்டதை மட்டும் கவனமாக வரைந்திருந்த அப்படங்களைப் பார்த்து, 1929 இல் அவரை வேலைக்கு அழைத்தனர். மறு ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் அவர் புளுட்டோவைக் கண்டுபிடித்தார். 2006 இல் புளுட்டோ குறுங்கோள் என்று வகை மாற்றப்பட்டது வேறு கதை.

இன்னும் அருகே, பிலிப்பைன்ஸ் நாட்டின் சிபு நகரில், கிறிஸ்டோபர் கோ என்னும் வணிகர் தம் சொந்தத் தொலைநோக்கியால் வியாழனைப் படம் எடுத்து வந்தார். 2006 பிப்ரவரியில், வியாழனில் வெண்மையாக இருந்த ஒரு பெரும் புயல் செந்நிறமாக மாறியிருப்பதை உலகில் முதலில் அறிவித்தவர் அவரே. அதன் பின்னரே ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் படம் பிடித்தது. 2009 ஜூலை 19 ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்னும் ஆர்வலர் வியாழனில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் அதன்மேல் விழுந்ததன் வடு அது. பெரிய நிலையங்கள் எந்நேரமும் ஒரே கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. காவலுக்கு ஆர்வலர்கள் தேவை.

நில நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நமக்கு ஒரு வசதி உண்டு. கிரகங்கள் நம் தலைக்கு மேலே உயரமாகச் செல்கின்றன. ஐரோப்பியர் பலர் அடிவானப் புகையினூடே அவற்றைப் பார்க்க நேர்கிறது. மேகம் மிகுதி என்பது நம் குறை. விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்வோர் விடிவெள்ளியை நகரத்தாரைவிட நன்கு அறிந்தவர்கள். அது எந்த மாதத்தில் கிழக்கை விட்டு மறைந்து, எப்போது மாலையில் மேற்கே வருகிறது என்று குறித்து வைக்க ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும்.

செவ்வாய் பூமிக்கு நேர் எதிரே, சூரியனுக்கு மறுபக்கமாக வரும் நிலை சுமார் 26 மாதங்களுக்கு ஒரு முறை நேர்கிறது. 2025 ஜனவரி 16 ஆம் நாளுக்குப் பிறகு அடுத்தது 2027 பிப்ரவரி 19 ஆம் நாள். அன்றிரவு 9 மணிக்குக் கீழ்வானில், மகம் நட்சத்திரத்தின் அருகே, செந்நிறப் புள்ளியாகச் செவ்வாயைக் காணலாம். அதற்குச் சற்று மேற்கே அதைவிட ஒளிமிக்கதாய் நிற்பது வியாழன். பின்னிரவு ஒன்றரை மணி அளவில் செவ்வாய் ஏறத்தாழ உச்சிக்கு வந்துவிடும். ஒரு மாதத்திற்கு முன்பே தொடங்கி, வாரம் ஒரு முறை மகம் நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு விரல் அகலத் தொலைவில் அது நிற்கிறது என்று வரைந்து வந்தால், அது வக்கிரமாய் மேற்கே நகர்வது படத்திலேயே தெரியும்.

அத்தோட்டத்து மாணவன் ஏற்கெனவே ஒரு புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறான். படிப்பகங்களில் இதைச் செய்ய விரும்புவோர் ஒவ்வொருவரும் தனித்தனியே வரைந்து, முடிந்த பின்னரே தாள்களை ஒப்பிட வேண்டும். நாள், மணி, மேகம் எவ்வளவு, கண்ணாடி அணிந்து பார்த்தீர்களா என்பவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். மேகத்தால் காண முடியாத நாளில், காணவில்லை என்றே எழுதி நாளிடுங்கள்.